சோப்பு உறையில் சிரித்தவள்

தலைவலி மாத்திரை வாங்கப் போன டீச்சர், மருந்துக்கடைக் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் கால் நகராமல் நின்றுவிட்டாள். சோப்புகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். பன்னிரண்டு உறைகளிலும் ஒரே பெண், ஒரே சிரிப்பு. அவள் இறந்து எட்டு மாதமாகியிருந்தது.

அந்தப் படத்தை எடுத்தது டீச்சர்தான். ஒரு பழைய பஸ்ஸின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, பெஞ்சும் வெள்ளைப் பலகையும் போட்டு, ஊர் ஊராகப் போய்ச் சிறுதொழில் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. ஓர் ஊரில் பத்து நாள் வகுப்பு, பிறகு அடுத்த ஊர். ஆற்றோரத்து ஊர் ஒன்றில் வகுப்புக்கு வந்தவள் அந்தச் சோப்புக்காரி. வீட்டிலேயே காய்ச்சுவாள். சரக்கு அருமையாக இருந்தது, விற்கத்தான் தெரியவில்லை.

"உறையில உன் முகத்தைப் போடு. செஞ்சவங்க முகம் தெரிஞ்சா ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை வரும்" என்று சொல்லி, பஸ் ஜன்னலோரம் அவளை உட்காரவைத்துப் படம் எடுத்தாள் டீச்சர். "யாராவது வருவாங்கன்னு வாசலைப் பார்த்துக்கிட்டு உட்காராதே, அக்கரை டவுனுக்கு நீயே எடுத்துட்டுப் போ" என்று கடைசி நாளில் சொன்னதும் அவள்தான்.

வகுப்பு முடிந்த மூன்றாம் மாதம், ஆறு பெருகிக் கிடந்த ஒரு காலையில், சோப்புக்காரி இரண்டு பெட்டிச் சரக்கோடு படகில் ஏறினாள். படகு கவிழ்ந்தது. ஐந்து பேர் நீந்திக் கரையேறினார்கள். அவளுக்கு நீச்சல் தெரியாது.

வீட்டார் தொழிலை விடவில்லை. சோப்பு நன்றாகவே ஓடியது. டீச்சர் போன இடமெல்லாம் அந்த முகமும் வந்தது. விடுதிக் குளியலறையில் இருந்தது. யாரோ ஒருத்தி வீட்டுத் தண்ணீர்த்தொட்டி ஓரத்தில், பாதி கிழிந்து, ஒற்றைக் கண்ணோடு இருந்தது. டீச்சர் கடைகளுக்குள் போவதையே நிறுத்திக்கொண்டாள். பஸ் ஓட்டும் அண்ணன் காரணம் கேட்கவில்லை. "வேணுங்கிறதை எழுதிக் குடுங்க டீச்சர், நானே வாங்கிட்டு வந்துடறேன்" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாம் ஆண்டு பஸ் மறுபடி அந்த ஊருக்கே போக வேண்டியிருந்தது. வேறு ஊர் கொடுங்கள் என்று டீச்சர் கேட்டுப் பார்த்தாள். அலுவலகத்தில் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் வகுப்பு முடிந்ததும் ஒரு பெண் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"டீச்சர், நான் சோப்புக்காரியோட நாத்தனார். ஒரு யோசனை கேட்கணும். வீடு வரைக்கும் வர்றீங்களா?"

மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. போனாள்.

முன்னறை முழுக்க மரத்தட்டுகளில் சோப்பு காய்ந்துகொண்டிருந்தது. சுவரோரம் கட்டுக்கட்டாக உறைகள். எல்லாவற்றையும் முகம் தெரியாமல் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்கள்.

"அண்ணனுக்காகத்தான் இப்படி வெச்சிருக்கேன்" என்றாள் நாத்தனார். "ராத்திரி பகல்னு இல்லாம பின்னாடி கொட்டகையிலயே கெடக்கறான். வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்க மாட்டேங்கறான். அண்ணி கெடைக்க ரெண்டு நாளாச்சு டீச்சர். அதுக்கு முன்னாடியே உறையெல்லாம் கரையில ஒதுங்கிடுச்சு. ஓரமெல்லாம் அண்ணி முகம். அண்ணன் ஒண்ணொண்ணா பொறுக்கினான்."

டீச்சர் திருப்பி வைத்திருந்த உறைக்கட்டுகளையே பார்த்தாள்.

"உறையை மாத்தலாமான்னு கேட்கத்தான் கூப்பிட்டேன். மாத்தினா வாங்கறவங்க விட்டுடுவாங்களா?"

பாடத்தில் இதற்குப் பதில் உண்டு: பழகிய முகத்தை மாற்றாதே. எத்தனையோ ஊரில் சொன்ன வாக்கியம். அதைச் சொல்வதற்குப் பதிலாக வேறொன்று வாயில் வந்தது.

"அன்னிக்கு அவளை அக்கரைக்குப் போகச் சொன்னது நான்தான்மா."

"தெரியும்" என்றாள் நாத்தனார், கையிலிருந்த சோப்பைத் துடைத்தபடியே. "கெளம்பும்போது சொல்லிட்டுத்தான் போனாங்க. 'டீச்சர் சொல்லியிருக்காங்க, இன்னிக்குப் போயே தீரணும்'னு. ஒரு வருஷம் உங்களைத் திட்டித் தீர்த்தேன். இப்ப திட்டறதுக்கும் தெம்பில்லை. யோசனை சொல்லுங்க."

அப்போது பின்கதவில் நிழல் விழுந்தது. சோப்புக்காரியின் கணவன் நின்றிருந்தான். வாசற்படியைத் தாண்டவில்லை.

"அன்னிக்கு எடுத்தது இந்த ஒரு படம்தானா?" என்று கேட்டான்.

ஒன்றல்ல, ஏழு எடுத்திருந்தாள். மற்ற ஆறையும் அழிக்கவும் முடியாமல், திறந்து பார்க்கவும் துணியாமல் போனிலேயே வைத்திருந்தாள். எடுத்து நீட்டினாள். அவன் படியிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். ஒன்றில் அவள் ஜன்னலுக்கு வெளியே யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னைத்தான் திட்டறா. சும்மா வெளிய நின்னு வேடிக்கை பார்த்தேன்."

ஐந்தாவது படத்தில் விரல் நின்றது. சிரிப்புத் தாங்காமல் அவள் கண்ணை இறுக மூடியிருந்தாள். எடுத்த அன்றைக்கு, இது உதவாது என்று டீச்சர் ஒதுக்கிய படம்.

"இதைக் காகிதத்துல போட்டுத் தர முடியுமா?"

"இதையா? கண் மூடியிருக்கே."

"எங்க திரும்பினாலும் என்னையே பார்த்துக்கிட்டிருக்கா டீச்சர். ஒரு இடத்திலயாவது கண்ணை மூடட்டும்."

மூவருமாகப் பஸ்ஸுக்குப் போனார்கள். பாடத்தாள் அச்சடிக்க அங்கே வைத்திருந்த பிரிண்டரிலிருந்து படம் மெதுவாக இறங்கியது. முதலில் தலைமுடி, பிறகு நெற்றி, பிறகு மூடிய கண்கள். ஈரம் காயும்வரை காகிதத்தை உள்ளங்கையில் ஏந்தியபடி நின்றான் அவன். பிறகு இறங்கி, முன்வாசல் வழியாகவே வீட்டுக்குள் போனான்.

"உறையை மாத்திடும்மா, முகமே இல்லாம போடு" என்றாள் டீச்சர். "கொஞ்ச நாள் விற்பனை அடிவாங்கும். தாங்கிக்கோ."

அடிவாங்கத்தான் செய்தது. இரண்டு கடைக்காரர்கள் சரக்கைத் திருப்பி அனுப்பினார்கள். நாத்தனார் பழைய உறை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இது அதே சோப்புதான் என்று கடை கடையாக ஏறி இறங்கினாள். மழைக்காலத்தில் மட்டும் ஆற்றைக் கடக்கவில்லை. ஒரு வருடத்தில் தொழில் நிமிர்ந்தது.

டீச்சர் இன்னும் பஸ்ஸில்தான் இருக்கிறாள். வெளியே போய் விற்கும் பாடம் வரும்போது குரல் சற்றுத் தடுமாறும். யார் துணைக்கு வருவார்கள், எந்த வழியாகப் போவீர்கள் என்று ஒவ்வொருத்தியையும் துருவித் துருவிக் கேட்பாள். போன மாதம், வறண்ட ஓர் ஊரில், "நீச்சல் தெரியுமா?" என்றும் கேட்டுவிட்டாள்.

"எங்க ஊர்ல ஆறே இல்லையே டீச்சர்!" என்றாள் ஒருத்தி.

பஸ்ஸே குலுங்கச் சிரித்தது. டீச்சர் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.