ஒன்றேகாலுக்கு வரும் ரசம்

லத்தீஃபா ஆட்டோவில் பாய்ந்து ஏறியபோது மணி நாலு இருபது. ஐந்து மணிக்குள் மூன்றாவது கையெழுத்து விழாவிட்டால், லடாக்கில் ஞானசேகரன் சாப்பிடும் ரசம் சாதத்தின் ருசி அயனம்பாக்கத்தில் அவள் நாக்கிலிருந்து நிரந்தரமாகப் போய்விடும். மார்ச் முப்பத்தொன்று. அம்பத்தூர் எஸ்டேட்டுக்குத் திரும்பும் இடத்தில் லாரிகள் அசையவில்லை.

"இன்னா மேடம், ஒரு கையெழுத்துக்கா இந்த ஓட்டம்? கல்யாண ரிஜிஸ்டரா?" என்றார் டிரைவர் பாண்டியன்.

"ஆராய்ச்சித் திட்டம்ணே. சந்துல விடுங்க."

அரசாங்கப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியில், ஒரே திட்டத்தில் கையெழுத்திட்டவர்களுக்கு ஒருவர் சாப்பாடு மற்றவர் நாக்கில் தெரியும். திட்டம் முடியும் நாளில், மாலை ஐந்துக்கு, குழாயை மூடியதுபோல நின்றுவிடும். ஆரம்பத்தில் சிலர் பல் டாக்டரிடம் போனார்கள். பிறகு தலைமை அலுவலகமே சுற்றறிக்கை அனுப்பியது: பிறர் உணவின் ருசிக்காக மதிய இடைவேளை நீட்டிக்கப்பட மாட்டாது. ஆடி வெள்ளிக்கு விரதமிருந்த மோகன் என்ற விஞ்ஞானியின் வாயில் ஹைதராபாத் கூட்டாளியின் பிரியாணி மணத்தது. அவர் அடுத்த திட்டத்துக்கு ஒரு சைவரைத் தேடிப் பிடித்தார். கூட்டு ஆராய்ச்சி இப்படியெல்லாம்கூட வளர்ந்தது.

லத்தீஃபாவும் ஞானசேகரனும் முதலில் அயனம்பாக்கம் ஏரித் தண்ணீரில் கலந்த உலோகக் கழிவைப் பாசியைக் கொண்டு பிரித்தெடுக்கும் திட்டத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மறு வருடமே அவருக்கு லடாக்குக்கு மாற்றல் வந்தது. ஏரியையும் பனியாற்றையும் சேர்த்து ஒரு திட்டம் எழுதி, அது முடிய இன்னொன்று எழுதி, எட்டு வருடம் ஓட்டினார்கள். மின்னஞ்சலில் மேடம், சார், பாசி, ஈயம், அவ்வளவுதான். ஆனால் தினமும் ஒன்றேகாலுக்கு அவள் நாக்கில் பூண்டு ரசம் இறங்கும், உப்பு ஒரு கல் தூக்கலாக. உப்பு குறைந்த அன்றைக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று தெரிந்துகொள்வாள். ஒரு ஜனவரியில் ஆறு நாள் வெறும் கஞ்சி வந்தது. ஆறு நாளும் போனைக் கையில் எடுத்தாள், வைத்தாள். ரமலானில் ருசி வந்தால் நோன்பு முறியுமா என்று பூந்தமல்லிப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆள் விட்டுக் கேட்டாள். "விழுங்கலியேம்மா, நோன்பு நோன்புதான்" என்று பதில் வந்தது.

அவள் டப்பாவில் என்றைக்கும் ஒரு மூலையில் பாகற்காய் இருக்கும். அதைத்தான் முதலில் சாப்பிடுவாள். நோன்பு திறக்கும்போதுகூடப் பேரீச்சம்பழத்துக்கு அடுத்தது அதுதான். "சுகரே இல்லாத உனக்கு இது இன்னா வேண்டுதல்க்கா?" என்று தங்கை சபீனா சீண்டுவாள். அக்கா மென்றுகொண்டே இருப்பாள்.

இந்த வருடம் திட்டங்களுக்குப் பணம் ஒதுக்கும் கமிட்டி புது விதி போட்டது. பழைய ஜோடிகள் பழைய யோசனையையே எழுதுகின்றன. புதிதாக ஒரு மூன்றாவது நிறுவனம் சேராவிட்டால் நீட்டிப்பு இல்லை. உடனே எல்லோரும், ஏற்கெனவே யாருக்குக் கூட்டாளிகள் அதிகமோ அவரிடமே ஓடினார்கள். அதனால் அவருக்கு இன்னும் அதிகமானது; தனி ஜோடிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. மேற்குப் புறநகரில் அப்படி வீங்கியவர் அம்பத்தூர் தரவு ஆய்வகத்து விஷ்ணு. ஞானசேகரன் காலை ஆறு மணிக்கே கையெழுத்திட்டு அனுப்பியிருந்தார், கூட ஒரு வார்த்தை இல்லாமல்.

லத்தீஃபா மேசைமேல் தாளை நீட்டியும் விஷ்ணு பேனாவைத் தொடவில்லை. "மேடம், ஏற்கெனவே பதினேழு பேர் சாப்பாடு என் வாயில. கவுகாத்திக்காரர் நாள் முழுக்கப் பாக்கு போடறாரு. காப்பி ருசி தெரிஞ்சு ரெண்டு வருஷமாச்சு, குடிக்கிறது காப்பியான்னே தெரியல. உங்க பாசி நல்ல பாசிதான். என்னை விட்ருங்களேன்."

பாசியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசத் தயாராக வந்திருந்த லத்தீஃபா, மணி நாலு ஐம்பத்திரண்டு என்று பார்த்தாள்.

"சாருக்கு அங்க யாரும் இல்ல விஷ்ணு. உடம்புக்கு முடியலன்னா எனக்கு இப்படித்தான் தெரியும்."

விஷ்ணு பேனாவை எடுத்தார். நாலு ஐம்பத்தேழுக்குக் கையெழுத்திட்டு, அவரே ஸ்கேன் செய்து ஏற்றினார்.

மறுநாள் ஒன்றேகாலுக்கு அயனம்பாக்கத்தில் ரசம் வந்தது, உப்புத் தூக்கலாகவே. அடுத்த நிமிடம் விஷ்ணுவிடமிருந்து போன்.

"மேடம், சாரோட ரசம் பிரமாதம். ஆனா உங்க பாகற்காய்! பாக்கே தேவலாம்போல இருக்கு. கொஞ்சம் வெல்லமாவது போடக்கூடாதா?"

"வெல்லம் போட்டா சார் சாப்பிட மாட்டாரு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. மாற்றலாகிப் போன முதல் வாரம் ஞானசேகரன் ஒரே ஒருமுறை போனில் சொல்லியிருந்தார், இங்கே உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும்தான் மேடம், பாகற்காய் கண்ணிலேயே படவில்லை என்று.

லத்தீஃபாவுக்குச் சின்ன வயதிலிருந்தே பாகற்காய் பிடிக்காது.