அக்கா அறையில் திறந்திருந்த ஃபைல்

காலையிலிருந்து சின்னவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்கா நடத்தும் டயாலிசிஸ் நிலையத்தின் வெப்சைட் படுத்துவிட்டது. யாருக்கு எந்த மெஷின், எந்த நேரம் என்பதெல்லாம் அதில்தான். எழுதினது அவன். வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்தவனுக்கு அக்கா கொடுத்த பிழைப்பு.

"மத்தியானத்துக்குள்ள சரியாகலைன்னா அவங்ககிட்ட குடுத்துடுவேன் மச்சான்," என்று அத்தான் வரவேற்பறைப் பக்கம் கண்ணைக் காட்டினார். வேறொரு கம்பெனி ஆள் சோபாவில் வந்து உட்கார்ந்தே விட்டார்.

"இத்தனை மாசத்துல ஒரு பேஷண்டுக்காவது மெஷின் மாறிருக்கா அத்தான்? நான் எழுதின ப்ரோக்ராம்ல ஒரு தப்பு காட்டுங்க பாப்போம்!"

வீறாப்புக்கு மட்டும் குறைச்சலில்லை.

'டேட்டா ஃபைலைத் திறக்க முடியவில்லை.' திரையில் இது ஒன்றேதான். ஃபைல் வைத்த இடத்திலேயே இருந்தது. அதன் முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்தான், சரி. அதைத் திறக்கும் அனுமதியைப் பார்த்தான், அதுவும் சரி. சர்வரை அணைத்துப் போட்டான். எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான்.

அப்புறம்தான் உறைத்தது. எந்தக் கோளாறு வந்தாலும் இந்த ஒரே வரியைக் காட்டு என்று எழுதிவைத்த புண்ணியவான் அவனேதான்! நல்லா வேணும். அந்த வரியைத் தூக்கிவிட்டு, வருகிற பிழையை அப்படியே காட்டச் செய்தான். வேறொரு கம்ப்யூட்டர் ஃபைலைத் தன் பிடியில் வைத்திருக்கிறது என்று வந்தது. அந்தக் கம்ப்யூட்டரின் பெயர், 'அக்கா அறை'.

அட, அக்காவா! அவனுக்குச் சிரிப்புகூட வந்தது. ஓடினான்.

அறையில் ஆளில்லை. காலையிலேயே யாருக்கோ பிரஷர் இறங்கிவிட்டதென்று நர்ஸ் கூப்பிட, போட்டது போட்டபடி போயிருந்தாள். ஃபைல் திறந்தே கிடந்தது. இன்றைய பக்கத்தில் ஒரே மெஷினுக்கு, ஒரே நேரத்தில், இரண்டு பேர். ஒருவரைப் பக்கத்து மெஷினுக்கு மாற்றப் பாதி தட்டியிருந்தாள். மேலே தள்ளிப் பார்த்தான். நேற்றும் குறிப்புக் கட்டத்தில் 'மெஷின் மாற்றினேன்' என்றிருந்தது. முந்தாநாளும் அதே.

அவன் இன்னும் மேலே தள்ளினான்.

"பாத்துட்டியா?" கையைத் துடைத்தபடி அக்கா வந்து நின்றாள். "ஒரே நேரத்துல ரெண்டு பேர் புக் பண்ணா, உன் சைட் ரெண்டு பேருக்கும் ஒரே மெஷினைக் குடுத்துடுதுடா. காலையில வந்ததும் நான் பிரிச்சு விட்டுடுவேன்."

"ஏன்க்கா சொல்லல?"

"அப்பதான் கொஞ்சம் தலை நிமிர்ந்து நடக்க ஆரம்பிச்சிருந்த. எப்படிடா சொல்றது?" பாதியில் விட்டதை முடித்து, ஃபைலை மூடினாள். "போ, சரியாயிடுச்சுன்னு அத்தான்கிட்ட சொல்லு."

வெளியே வெப்சைட் எழுந்துவிட்டிருந்தது. "கலக்கிட்ட மச்சான்! அவரை அனுப்பிடவா?" என்றார் அத்தான்.

அக்கா ஒருநாள் காய்ச்சலில் படுத்தால்? ஒரே மெஷினுக்கு வந்து நிற்கிற இரண்டு பேரை யார் பிரித்துவிடுவது?

"வேண்டாம் அத்தான்." சின்னவன் அந்தக் கம்பெனி ஆளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "சார், இதுல ஒரு தப்பு இருக்கு. நான்தான் எழுதினேன். வாங்க, காட்டறேன்."