பி பிளாக், லினோ அச்சு

பத்தொன்பது வருடமாக அம்பத்தூரில் ஓர் இன்ஜினியர் ஆபீஸில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வீட்டு பிளான் போடுகிறேன். எத்தனை ஆயிரம் மாடிப்படி வரைந்திருப்பேனோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். எதிலும் என் பேர் கிடையாது, கையெழுத்து சாருடையது. அது எனக்கு உறைத்ததே போன மாதம்தான், வேலப்பன்சாவடி கல்லூரி ஒன்றில் கங்காதரன் என்ற ஓவியரின் அச்சுப் படங்களைப் பார்த்தபோது.

மனுஷன் கோயிலையும் கோட்டையையும் தொடவில்லை. தண்ணீர் டேங்க், ஹவுசிங் போர்டு படிக்கட்டு, ஷட்டர் இறக்கிய கடை. எல்லாம் லினோ என்கிற மெத்தென்ற பலகையில் செதுக்கி, கறுப்பு மை தடவி, காகிதத்தில் ஒற்றி எடுத்தவை. அட, இதைத்தானே நான் தினமும் போடுகிறேன் என்று வயிறு எரிந்தது. பொறாமைதான், மறைப்பானேன். பார்க்க வந்த எங்களுக்கு ஆளுக்கொரு பலகை கொடுத்து, கண்காட்சியின் கடைசி நாளுக்குள் செதுக்கி எடுத்து வந்தால் பேரோடு மாட்டுவதாகச் சொன்னார். ஒரு தடவையாவது ஒரு கட்டடத்துக்குக் கீழே ஜெயகுமாரி என்று இருக்க வேண்டும். எனக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

திருமுல்லைவாயிலில் நாங்கள் குடியிருக்கும் ஏ பிளாக்கையே எடுத்துக்கொண்டேன். இரண்டு வாரம், விரலில் மூன்று பிளாஸ்திரி. கொத்தனார் வேலையையும் நீயே பார்த்துவிடேன் என்று என் வீட்டுக்காரர் ஜோசப்ராஜ் கிண்டலடித்தார். கடைசி நாள் காலையில் மை தடவி, காகிதத்தை வைத்து, குழம்புக் கரண்டியின் முதுகால் தேய்த்துப் பிரித்தேன்.

இடப்பக்கம் இருக்க வேண்டிய மாடிப்படி வலப்பக்கம் நின்றது. ஒற்றும்போது திரும்பிவிடும், இடம் வலம் மாற்றி வரையுங்கள் என்று கங்காதரன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நேராக வரைந்தே பழகிய கை, எங்கே கேட்கும்? இன்னொரு பலகை இல்லை, நேரமும் இல்லை. அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஜோசப்ராஜ் காகிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இன்னாத்துக்கு அழுவுற? எதிர் பிளாக்கு அப்டியே கீது. நம்ம சரசா ஊடு."

எனக்குச் சுருக்கென்றது. ஏ பிளாக்கை வரைந்து ஒரே பட்டனில் திருப்பிப் போட்டால் பி பிளாக். எங்கள் குடியிருப்பும் அப்படிக் கட்டியதுதான். நானே தினமும் பார்க்கிற வேலை! கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடியில் பென்சிலால் 'பி பிளாக் – ஜெயகுமாரி' என்று எழுதினேன்.

சாயங்காலம் படம் சுவரில் ஏறியது. கங்காதரன் அதன் முன் வெகுநேரம் நின்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சேதி கேட்டு சரசா பட்டுப்புடவையில் வந்துவிட்டாள். யாரோ ஒரு கல்லூரிப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்து, இரண்டாவது மாடி ஜன்னலைக் காட்டினாள்.

"அதான் எங்க ஊடு. உள்ள நான் சமைச்சுகினு கீறேன், பாரு."

அந்தப் பெண் குனிந்து, ஜன்னலின் கறுப்புக்குள் உற்றுப் பார்த்தாள்.