பன்னிரண்டு பேரின் கால் அளவு

போலி மின்னஞ்சலில் சிக்கியவர்கள் பன்னிரண்டு பேர். எல்லோரும் கிடங்கின் சுமைதூக்கிகள், ஒரே அணி. மேஸ்திரி அவளுடைய அப்பா.

இணையப் பாதுகாப்பில் முதுகலை முடித்தவள், ஹேக்கர்களோடு மல்லுக்கட்டப் போகிறோம் என்றுதான் கிடங்கின் மேலிருக்கும் இந்த மூன்றாம் மாடி அலுவலகத்துக்கு வந்தாள். கிடைத்ததோ, சொந்த ஆட்களுக்கே தூண்டில் போட்டு யார் கடிக்கிறார்கள் என்று பார்க்கும் வேலை. பரிசு, தள்ளுபடி எதற்கும் கீழே இருப்பவர்கள் மசியவில்லை. அவர்கள் ஒரு வருடமாக எதற்கு நடையாய் நடக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். 'புதிய பாதுகாப்புக் காலணி. கடவுச்சொல்லை இட்டுக் கால் அளவைப் பதியவும்' என்று எழுதினாள். எந்தப் பேராசிரியரும் சொல்லித்தராத பாடம். அப்பாவின் நசுங்கிய கால் பெருவிரல் சொல்லித்தந்தது.

"பிரமாதம்மா," என்றார் மேலாளர். "ஆளைக் குறைக்கணும்னு மேல கேட்டுட்டே இருந்தாங்க. காரணம் கிடைச்சிருச்சு. அஞ்சு மணிக்குள்ள அறிக்கை குடு."

தூண்டிலில் சிக்குபவருக்கு வேலை போகும் என்ற விதியை அப்போதுதான் அவளிடம் சொன்னார்கள். பதிவுகளைத் திறந்து பார்த்தாள். பன்னிரண்டும் ஒரே கைபேசியிலிருந்து வந்திருந்தன.

கீழே ஓடினாள்.

"நான்தாம்மா போட்டேன்," என்றார் அப்பா. "நம்ம பசங்களுக்கு பாஸ்வேர்டு அடிக்க வருமா? சொன்னானுங்க, நான் அடிச்சேன். நம்ம மொட்டைக்குக் கால் அளவு பதினொண்ணு. ஷூவுக்குப் பதிலா படகே வாங்கிக்கடான்னேன்."

"தங்கச்சி, படகுன்னாலும் கருப்பா வரச் சொல்லும்மா," என்றான் மொட்டை, மூட்டைக்கு அடியிலிருந்து.

அவள் அப்பாவை ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னாள். மெயில் பொய். எழுதியது தான். பட்டியல் போனால் பன்னிரண்டு பேருக்கும் வேலை இல்லை. ஒருவரே செய்தது என்று எழுதினால் பதினொரு பேர் தப்பிப்பார்கள். ஆனால் அடுத்தவர் கடவுச்சொல்லைத் தொட்டவரை வேறெந்தக் கிடங்கிலும் சேர்க்க மாட்டார்கள்.

அப்பா மூன்றாம் மாடியை அண்ணாந்து பார்த்தார்.

"அப்ப நாங்க ஷூ கேட்டது மேல தெரிஞ்சுதான் இருக்கு."

அவள் தலையசைத்தாள்.

"என் பேரையே எழுதிடு. ஆனா ஷூ வராதுங்கறத நீயே இவனுங்ககிட்ட சொல்லிடு. என்னால முடியாது."

கை தட்டி எல்லோரையும் கூப்பிட்டார். மேஸ்திரி மகள் ஏதோ சொல்ல வந்திருக்கிறாள் என்று வியர்வையைத் துடைத்தபடி வந்து சுற்றி நின்றார்கள். ஒருவன் அவள் உட்கார ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டான். தோளில் கிடந்த துண்டை எடுத்து, அவள் துணியில் அழுக்குப் படாதபடி, பெட்டியின் மேல் பகுதியை அழுத்தித் துடைக்க ஆரம்பித்தான்.