முறிவதற்கென்று ஒரு துண்டு

நிருஷன் எதைப் பூட்டினாலும் ஒருக்கால் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பப் பூட்டுவான். அது கவனமா, தன் கையில் தனக்கே நம்பிக்கை இல்லாததா என்று அவனுக்கும் தெரியாது. கிளிநொச்சியில் பின்னேரங்களில் நடக்கும் மெக்கானிக் வகுப்பில் அவனுடைய வேலைதான் எப்போதும் கடைசியாக முடியும். முடிந்த பிறகும், ஏதாவது திருகாணி மிஞ்சிவிட்டதோ என்று சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பான்.

சுவிஸிலிருந்து வந்த சித்தப்பா அவனுக்கு ஒரு றிமோட் ட்ரக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஒரு முழ நீளம்தான். ஆனால் பற்றரியில் ஓடும் விளையாட்டுச் சாமான் இல்லை. நைட்ரோ எண்ணெய் குடிக்கும் உண்மையான எஞ்சின். ஸ்டார்ட் பண்ணினால் பக்கத்து வளவு நாய்களெல்லாம் எழும்பிவிடும்.

பராமரிப்பது அவன், ஓட்டுவது யூலியானா. அவள் கடற்கரை ஊரான கொக்கிளாய்ப் பெட்டை. வகுப்புக்காகக் கிளிநொச்சியில் சின்னம்மா வீட்டில் தங்கி நின்றாள். மற்றவர்கள் தங்கள் ட்ரக்கைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார்கள். அவள் ட்ரக் இனிப் போகப்போகிற இடத்தைப் பார்த்து ஓட்டுவாள். எந்த இடத்தில் மண் இளகும், எந்த இடத்தில் சறுக்கும் என்பது அவளுடைய பெருவிரலுக்கு முதலே தெரிந்துவிடும்போல இருக்கும். பக்கத்தில் நின்று அதைப் பார்ப்பதற்காகவே நிருஷன் கிழமை முழுதும் ட்ரக்கைத் துடைத்து எண்ணெய் விடுவான்.

போன மாதம் விசுவமடுவில், வற்றிக் கிடந்த குளத்துத் தரையில் ட்ரக் ஓட்டப்போட்டி நடந்தது. முன்சக்கரங்களைப் பிடித்திருக்கும் நீளமான பிளாஸ்டிக் தண்டுகள் வளைந்து, ட்ரக் குடிகாரன் மாதிரித் தள்ளாடிப் போய் அணைக்கட்டில் முட்டி நின்றது. வகுப்பில் கூடப் படிக்கும், தானும் ஒரு ட்ரக் வைத்திருக்கும் கோகுலன் எல்லாருக்கும் முன்னால் நிருஷனிடம் சொன்னான்: "மச்சான், ஓடுறவளில பிழையில்லை. பூட்டுறவனை மாத்து. நான் பாக்கிறன்." நிருஷனும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான். கடைசியில், அடுத்த ஓட்டத்திலும் பூட்டு வேலையால் ட்ரக் கெட்டால், அதற்குப் பிறகு கோகுலன்தான் மெக்கானிக் என்று பேச்சானது. அப்படியென்றால் யூலியானாவுக்குப் பக்கத்தில் நிற்கப்போவதும் கோகுலன்தான்.

சித்தப்பா அலுமினியச் சாமான்கள் அனுப்பினார். புதுத் தண்டுகளின் திருகு ஒரு முனையில் வலப்புரி, மறுமுனையில் இடப்புரி. நடுவில் பிடித்துத் திருகினால் இரண்டு பக்கமும் ஒன்றாய் நீளும், ஒன்றாய்க் குறுகும். அவசரத்தில் எந்தப் பக்கம் திருகுவது என்று தடுமாறக்கூடாது என்று, இடப்புரி முனைகளெல்லாம் ஒரே கைப்பக்கம் வரும்படி பூட்டினான். சக்கரங்களைத் திருப்புகிற சின்ன மோட்டரான சேர்வோவிலிருந்து ஸ்டியரிங்குக்குப் போகும் குட்டித் தண்டையும் அலுமினியத்துக்கு மாற்றினான். கடைசியாக, ஸ்டியரிங்கில் அடி விழுந்தால் கொஞ்சம் வளைந்துகொடுப்பதற்கென்று இருந்த ஸ்பிரிங் கண்ணில் பட்டது. மிச்சமிருந்த ஆட்டம் அது ஒன்றுதான். அதன் நட்டையும் இறுக்கி முடித்தான்.

அவர்களுடைய ஒழுங்கையில் எல்லாரும் அப்படித்தான். போரில் ஒருமுறை எல்லாம் விழுந்து திரும்பக் கட்டிய சனம். இனி விழக்கூடாது என்று கட்டுவார்கள். அவனுடைய அப்பா யோகலிங்கம் தண்ணீர்த் தாங்கிக்குத் தூண் எழுப்பியபோது மேசன் கேட்டதைவிட இரட்டிப்புக் கம்பி வாங்கிப் போட்டார். மேசன் சிரித்தான், அப்பா சிரிக்கவில்லை.

சனிக்கிழமை யூலியானா பார்க்க வந்தாள். சக்கரத்தை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினாள். அசையவில்லை. வடிவாகப் பூட்டியிருக்கிறீர் என்று மனதாரச் சொன்னாள். நிருஷனின் காது சூடாகியது. பிறகு அவள் சக்கரத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தித் தள்ளினாள். உள்ளே சேர்வோ முனகியது.

"சரி, இனி இது எங்க முறியும்?" என்று கேட்டாள்.

"முறியாது. எல்லாம் அலுமினியம்."

"கல்லில அடிச்சால் ஏதோ ஒண்டு முறியத்தானே வேணும். எதெண்டு நீர் சொல்லாட்டில், கல்லுத் தானே பாத்து எடுக்கும்."

தன் அப்பா மரியநாயகத்தின் படகுக் கதையைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். படகு எஞ்சினின் புரொப்பலரில் ஒரு மெல்லிய பித்தளைப் பின் இருக்குமாம். களப்பில் தண்ணீருக்குள் கிடக்கிற கட்டையில் புரொப்பலர் அடித்தால் பின் முறியும், எஞ்சின் தப்பும். சாரத்து மடிப்பில் வைத்திருக்கிற இன்னொரு பின்னைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வரலாம். ஒருநாள் மரியநாயகத்துக்கு அலுத்துப்போய்விட்டது. பின்னுக்குப் பதிலாக இரும்பாணியை அடித்தார். ஆணி முறியவில்லைதான். உள்ளே கியர் முறிந்தது. அந்தச் சோளகக் காற்றுக் காலம் முழுதும் படகு கரையில் கிடந்தது, அம்மா புனிதத்தின் வாயும் ஓயவில்லை.

அவள் போன பிறகு நிருஷன் முற்றத்தில் குந்தியிருந்து யோசித்தான். ஸ்பிரிங்கின் நட்டைத் தளர்த்தினான். சேர்வோவிலிருந்து வரும் அந்தக் குட்டித் தண்டைக் கழற்றி, பழைய பிளாஸ்டிக் தண்டையே திரும்பப் போட்டான். குட்டையானது, அதனால் வளையாது. வெளியில் இருப்பதால் மாற்றுவதும் சுகம். முறிந்தால் இதுதான் முறியும். சாமான் பெட்டியில் அதே அளவில் மிஞ்சிக் கிடந்த பிளாஸ்டிக் துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஓட்டத்தன்று அதே குளத்துத் தரையில் கோகுலன் அவர்களுடைய ட்ரக்கைக் குனிந்து பார்த்தான். அவனுடைய சொந்த ட்ரக்கில் அடியிலிருந்து நுனிவரை உலோகம்தான்.

"என்னடா, அலுமினியத்துக்கை பிளாஸ்டிக்? கோட்டுச் சூட்டுப் போட்டு பாட்டாச் செருப்போட வந்த மாப்பிள்ளை மாதிரிக் கிடக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நிருஷனின் கை தானாகவே ஸ்குறூட்றைவருக்குப் போனது. யூலியானா திரும்பிப் பாராமலே சொன்னாள்: "விடும்."

விட்டான்.

ட்ரக் நூல் பிடித்த மாதிரிப் போனது. மாட்டுக் குளம்படிகள் காய்ந்து கல்லாகிக் கிடந்த தரையில் மற்றவை துள்ளி விலக, இது துள்ளினாலும் திரும்பவும் தன் கோட்டிலேயே விழுந்தது. வளைவுக்கு வெகு முன்னாலேயே அவள் பெருவிரல் லேசாக அசையும். ட்ரக் புழுதியை விசிறிக்கொண்டு அவள் நினைத்த இடத்தில் வந்து நிமிரும். நிருஷன் மூச்சு விட மறந்து பார்த்தான். தான் பூட்டியதை இன்னொருவர் இவ்வளவு வடிவாக ஓட்டலாமென்று அவன் நினைத்ததில்லை.

கடைசிக்கு முதல் சுற்றில், தூசிக்குள் மறைந்திருந்த ஒரு மரக்கட்டையில் முன்சக்கரம் அடித்தது. சடக்கென்று சத்தம். மற்றவர்களுக்கு விளங்க முதலே அவள் எஞ்சினைத் தணித்து, அணைக்கட்டுக்கு இப்பால் ட்ரக்கை நிறுத்திவிட்டாள். நிருஷன் ஓடினான். முறிந்தது குட்டித் தண்டு. மற்றதெல்லாம் நேராக இருந்தது. பையிலிருந்து ஒன்றை எடுத்து இரண்டு முனையையும் குமிழ் மூட்டுகளில் அழுத்தினான். டிக், டிக். கையை எடுக்க முதல் ட்ரக் பாய்ந்துவிட்டது.

பூவரசங்குளத்திலிருந்து வந்த ட்ரக் முதலாவதாக வந்தது. அதற்கு அடுத்ததாக அவர்களுடையது. கோகுலனுடையது வரவில்லை. அதே கட்டையில் அடித்து, சக்கரங்கள் ஒருபக்கம் கோணி, உள்ளே சேர்வோவின் பல்லெல்லாம் உதிர்ந்து கிடந்தது.

கொஞ்ச நேரம் தூரத்தில் நின்றுவிட்டுக் கோகுலன் வந்தான். "மச்சான், உந்தப் பிளாஸ்டிக் துண்டு இன்னொண்டு கிடக்கோ?"

நிருஷன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். "இது மட்டும் காணாது. சேர்வோவும் மாத்தவேணும். வகுப்புக்குக் கொண்டுவா, நான் பாக்கிறன்."

கோகுலன் தலையாட்டினான். மெக்கானிக்கை மாற்றுகிற கதையை அவனும் எடுக்கவில்லை, வேறு ஒருவரும் எடுக்கவில்லை.

யூலியானா றிமோட்டை நிருஷனின் கையில் கொடுத்தாள். "கவனிச்சனீரோ? இண்டைக்கு நீர் ஒண்டைப் பூட்டிப்போட்டுத் திருப்பிக் கழட்டிப் பாக்கேல்லை."

நிருஷன் உடனே குனிந்து அந்தத் தண்டைத் தொட்டுப் பார்த்தான். இறுக்கமாகத்தான் இருந்தது.