பத்து நாள் பொறுக்காத நிபுணன்

கொஸ்தனாய்ப் பக்கத்துக் கோதுமைச் சீமையில், களைக்கொல்லி டப்பாவில் இருக்கும் சொற்களுக்குப் பொருள் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று ஒரு நினைப்பு எனக்கு. படித்த வேளாண் நிபுணன் அல்லவா! அந்த நினைப்புதான் என்னைக் கெடுத்தது.

அந்த வருஷம் டப்பாச் சொற்களுக்குப் பொருள் எழுதி, டிராக்டர் கொட்டகைக் கதவில் ஒரு தாள் ஒட்டினேன். 'தேர்ந்து கொல்வது: புல்லினத்தை மட்டும் கொல்லும், அகன்ற இலைப் பயிரை விட்டுவிடும். கோதுமையும் புல்லினமே, அதன்மேல் அடிக்காதீர்.' கோதுமையைப் புல் என்றதற்கு ஒரு பெரியவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அடுத்த வரி: 'உள்ளே பாய்வது: இலை வழியாக நுழைந்து குருத்துக்குப் போகும். பத்து நாள் வரை வெளியே பச்சையாகவே தெரியும். பதற வேண்டாம்.' கடைசி இரண்டு சொல்லுக்கு அடிக்கோடு வேறு.

சவுரேஷ் அக்கா முதல்முறையாக, கோதுமைக்குப் பதில் எண்ணெய் வித்தான ஆளி விதைத்திருந்தாள், என் பேச்சைக் கேட்டுத்தான். அது தேறாவிட்டால் நிலத்தைப் பண்ணைக் கம்பெனிக்கு விட்டுவிட்டுத் தலைநகர் அஸ்தானாவுக்கே வந்துவிடுகிறேன் என்று அங்கிருக்கும் மகனிடம் சொல்லியிருந்தாள். அஸ்தானா என்றாலே அவளுக்கு மூச்சு முட்டும். ஆளிக்குள் காட்டு ஓட்ஸ் என்ற புல் களை மண்டியது. தாளில் எழுதிய அந்த மருந்தை அடித்தோம்.

மூன்றாம் நாளும் ஓட்ஸ் பச்சை. ஐந்தாம் நாள் போனால், முன்னைவிடச் செழிப்பாகத் தெரிந்தது. டிராக்டர் ஓட்டும் தெமிர்போலத், ஊர்க் கடையில் எல்லோர் முன்னாலும் கேட்டான்.

"கைர்கெல்டி அண்ணே, அடிச்சது மருந்தா, டானிக்கா?"

கடையே சிரித்தது. எனக்குத் தூக்கம் போயிற்று. மருந்து போலியோ, அளவு பிசகோ என்று மனசு அரித்தது. ஏழாம் நாள் காலையில் அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

"எல்லாம் போச்சுக்கா. உழுதுட்டு மாட்டுத் தீவனமாச்சும் வெதைப்போம்."

"பத்து நாள்னு எழுதியிருந்தியே?"

"எழுத்து வேற, வயல் வேறக்கா."

எவ்வளவு ஞானம் பாருங்கள். மத்தியானத்துக்குள் தெமிர்போலத் பாதி வயலைப் புரட்டிவிட்டான்.

அக்கா பவுர்சாக் என்ற பொரித்த பணியாரமும் தேநீரும் கொண்டுவந்து வயலோரம் உட்கார்ந்தாள். கை சும்மா இருக்காமல் ஓட்ஸ் குருத்து ஒன்றைப் பிடித்து இழுத்தாள். வெண்ணெயிலிருந்து முடியை உருவுவதுபோல் வந்தது. அடி பழுப்பாக அழுகியிருந்தது. இன்னொன்றை இழுத்தாள். அதுவும் அப்படித்தான்.

"இது செத்துல்ல கெடக்கு, தம்பி."

நான் மண்டியிட்டு இருபது குருத்தாவது பிடுங்கியிருப்பேன். எல்லாம் பிணம். பக்கத்திலேயே ஆளி ஒரு கீறல் இல்லாமல் நின்றது. "நிறுத்துடா!" என்று கத்திக்கொண்டே டிராக்டருக்குக் குறுக்கே ஓடினேன். அவன் என்னையும் சேர்த்து உழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரும்பி வந்தபோது அக்கா அழவில்லை, திட்டவும் இல்லை.

"பாதி வயல் தேறுனா, பாதி வருஷம் அஸ்தானாவுல இருன்னுவானோ என் மவன்?" என்றவள், அழுகின குருத்தை என் கையில் வைத்துச் சொன்னாள்: "ஊர்ல உன் தாளை நம்புனவ நான் ஒருத்திதான். எழுதுனவனே நம்பலையே."

அங்கேயே நின்று அவள் மகனுக்குப் போன் போட்டேன்.

"பாதி வயல் போனது ஆளியால இல்ல, தம்பி. நான் கெடுத்தேன்."

"சரிண்ணே. மிச்சப் பாதியாச்சும் தேறுமா? நிச்சயமா சொல்லுங்க."

தேறும் என்று எனக்குத் தெரியும். அழுகின குருத்து கையிலேயே இருந்தது. ஆனாலும் இன்னொன்றைப் பிடுங்கிப் பார்க்கக் குனிந்தேன். அக்கா போனைப் பிடுங்கினாள்.

"தேறும்டா. இன்னும் மூணு நாள் பொறு" என்றாள்.