கோட்டுக்கு வெளியே

மருதாசலம் பத்து வருஷம் பூப்பந்து ஆடியவன். மஞ்சள் கம்பளிப் பந்தை அணிக்கு ஐந்து பேராக நின்று அடிக்கிற ஆட்டத்தில் அவன் நடு ஆட்டக்காரன். தலைக்கு மேல் போகும் பந்து கோட்டுக்குள் விழுமா, வெளியே விழுமா என்று பார்த்து, பின்னால் நிற்பவனுக்கு ‘எடு’, ‘விடு’ என்று கத்துவதும் அவன்தான். அந்தக் கண் பிசகியதே இல்லை. அதற்காகவே பனியன் கம்பெனி முதலாளி கிட்டுசாமி 1981-இல் அவனைக் கம்பெனி அணியில் சேர்த்து, தைத்த பனியனில் குறை பார்க்கிற செக்கிங்கில் வேலையும் போட்டுக் கொடுத்தார். ஞாயிறு தவறாமல் எங்காவது பந்தயம். பெண் பார்க்கப் போன ஊடுகளில், “மாப்பிள்ளை வேலைக்குப் போறாருங்களா, பந்து அடிக்கப் போறாருங்களா?” என்று கேட்டார்கள். கல்யாணப் பேச்சு தள்ளிப் போய்த் தள்ளிப் போய், நின்றே விட்டது.

1991-இல் முழங்கால் மக்கர் பண்ணியது. முதலாளி அவனையே அணிக்குக் கோச் ஆக்கினார். பெரிய பதவிதான், யார் இல்லை என்றது? ஆனால் ஆட்டம் தொடங்கினால் பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். தோளில் கை போட்டு டீக்கடைக்கு இழுத்துப் போன பயல்கள் இப்போது எழுந்து நின்று வணக்கம் வைத்தார்கள். அந்த மரியாதை அவனை வாட்டியது. ஒற்றை அறையில் ஒருத்தனுக்கு மட்டும் உலை வைக்கும்போது பேச்சுத் துணைக்கு ரேடியோதான்.

1994-இல் கம்பெனிகளுக்குள் நடந்த பந்தயத்தின் இறுதி ஆட்டத்துக்கு முன்பே முதலாளி சொல்லிவிட்டார்: “இந்த வாட்டியும் தோத்தா, காரணமானவன் கம்பெனியில இருக்க மாட்டான்.”

கடைசி செட், இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு; இன்னும் ஒரு புள்ளி எடுப்பவர்களுக்குத்தான் கோப்பை. பந்து உயரமாகப் பின்னால் வந்தது. அங்கே பின் ஆட்டக்காரன் அக்பர் நின்றிருந்தான். மருதாசலம் தன்னை மறந்து எழுந்து, “விடு!” என்று கத்தினான். அக்பர் மட்டையை இறக்கினான். பந்து கோட்டுக்கு நாலு விரல் உள்ளே விழுந்தது; ஆட்டம் போய்விட்டது. பெஞ்சிலிருந்து பார்த்தால் கோடு வேறு மாதிரி தெரியும் என்பது மூன்று வருஷமாகியும் அவன் புத்தியில் ஏறவில்லை.

எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த முதலாளி ஓடி வந்தார். “யார்ரா விடச் சொன்னது?”

அக்பர் ஒரே ஒரு தடவை மருதாசலத்தைப் பார்த்தான். “நானாத்தானுங்க விட்டேன்.”

மருதாசலத்துக்கு வாய் வரை வந்தது. கோச் வேலையும் போனால் தனக்கென்று என்ன இருக்கிறது என்ற பயத்தில் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். திங்கட்கிழமை அக்பரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

பத்து நாள் சோறு இறங்காமல் கிடந்து, ராயபுரத்தில் அக்பர் ஊட்டுக்குப் போனான். அக்பரின் அம்மா சபுரா பீவி டீ கொடுத்தார்.

“உங்க பேச்சக் கேட்டு ஆடியிருந்தா இவனுக்கு இந்தக் கதி வருமுங்களா, தம்பி?”

“அம்மா, விடச் சொன்னதே நாந்தானுங்க.”

சபுரா பீவி கண் கலங்கிவிட்டார். “அடுத்தவன் பழியத் தன் தலையில போட்டுக்கறீங்களே, எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு!”

மருதாசலம் கூசிப்போய் அக்பரைப் பார்த்தான். அக்பர் வாசல் வரை கூட வந்தான்.

“இதைய ஏனுங்ணா இங்க வந்து சொல்றீங்க?”

கம்பெனி இரண்டு தெரு தள்ளித்தான். முதலாளியும் இருக்கிற நேரம்தான். மருதாசலம் அந்தப் பக்கம் போகவில்லை. நேராக அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டான்.